அப்பாவின் தொழிலையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்திலும், குடிமைப் பணித் தேர்வு முடிவுகள் வரும் நாள்களிலும் தங்கள் நாளிதழ் உட்பட எல்லாத் தமிழ் நாளிதழ்களிலும் ‘ஆட்டோ ஓட்டுநர் மகள் சாதனை’, ‘கூலித் தொழிலாளி மகன் முதலிடம்’ என்ற தலைப்புகளில் செய்திகள் வருவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பிள்ளைகள் பெற்ற மதிப்பெண்ணையோ, இரவெல்லாம் கண் விழித்து அவர்கள் படித்த படிப்பையோ குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அத்தகைய செய்திகளைப் படித்து மகிழ்கிறவன்தான் நானும். ஆனால் பெற்றோர் இனிப்பு ஊட்டும் அந்தப் படத்தில் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கும் தகப்பனாரைப் பற்றி அச்செய்திகள் எழுதப்படும் விதம் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அவர் செய்யும் தொழில் அரை வரியில் வரும். அதுவும் பிள்ளை தாண்டி வந்த தடைகளின் வரிசையில், ஒழுகும் கூரைக்கும் மேசை நாற்காலி இல்லாத வீட்டுக்கும் நடுவில் வரும். இருபது முப்பது ஆண்டுகளாக ஒருவர் செய்துவரும் வேலை, அவருடைய பிள்ளை எப்படியோ தப்பித்து வெளியேறிவிட்ட இடமாக மட்டுமே வாசகருக்குக் காட்டப்படுகிறது.

கூலித் தொழிலாளி என்று எழுதிவிட்டால் சென்னையில் அது யாரைக் குறிக்கும்? கோயம்பேட்டில் விடிவதற்கு முன்பே லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்குகிறவரும் கூலித் தொழிலாளிதான். காசிமேட்டில் கிழிந்த வலையைப் பின்னித் தருகிறவரும், சவுகார்பேட்டைச் சந்துகளில் மீன்பாடி வண்டியில் சரக்கு ஏற்றிச் செல்கிறவரும், அடுக்குமாடிக் கட்டடத்தில் காங்கிரீட் போடுவதற்கு முன் கம்பி கட்டுகிறவரும் கூலித் தொழிலாளிகளே. இவர்களில் ஒருவர் செய்வதை மற்றவர் ஒரு வாரத்தில் பழகிக்கொள்ள முடியாது. தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் கம்பியை எவ்வளவு நீளம் உள்ளே விட வேண்டும், அந்த இடத்தில் ரிங்குகளை எவ்வளவு நெருக்கமாகக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் கம்பி கட்டுகிறவருக்கு வரைபடத்தைப் பார்க்கும் முன்பே தெரிந்திருக்கும். அந்தக் கட்டு சரியில்லை என்றால் மேலே எத்தனை சதுர அடிக்குப் பளிங்கு பதித்தும் பயனில்லை. தங்கள் செய்தியாளர் அவருடைய வீட்டு வாசல் வரை போகிறார். எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் என்று பிள்ளையிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுகிறார். தகப்பனாரிடம் ‘என்ன வேலை செய்கிறீர்கள்’ என்பதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க அவருக்குத் தோன்றுவதில்லை.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் என்னும் கடைசல் இயந்திரத்தை ஓட்டியவன். 1960களில் உருவான அந்தப் பேட்டையில், பெரிய ஆலைகளுக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் சிலவற்றில் மாறி மாறி வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு அங்கே இருப்பது எண்ணெய் நாற்றமும் இரைச்சலும்தான். மோட்டார் தண்டில், அது சுழலத் தாங்கும் பேரிங் உட்காரும் இடத்தைக் கடைவது என்ற ஒரே ஒரு வேலையை மட்டும் இங்கே சொல்கிறேன். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்தால் அதில் இரண்டு பங்கு கூடிவிட்டாலும் பேரிங் ஏறாது. அடித்து ஏற்றினால் ஓடும்போது சூடாகிச் சீக்கிரம் போய்விடும். குறைந்துவிட்டாலோ பேரிங் தண்டைப் பிடிக்காமல் தனியாகச் சுற்றித் தண்டையே தின்றுவிடும். கடைந்து முடித்த கையோடு மைக்ரோமீட்டரை வைத்து, அளவு சரியாக வந்துவிட்டது என்று இறக்கிவிடுகிறவன் வேலைக்குப் புதியவன். கடையும் சூட்டில் ஜாப், அதாவது கடையப்படும் பொருள், பருத்திருக்கும், 50 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டு 40 டிகிரி கூடுதல் சூட்டில் அந்த நூறில் இரண்டு பங்குக்கும் மேலாகப் பருத்து நிற்கும். ஆறிய பிறகு அளந்தால் அளவு குறைந்து கிடக்கும். பிறகு அது பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். பழகியவன் லேத்தை நிறுத்தி, புறங்கையை ஜாப் அருகில் கொண்டுபோய்ச் சூட்டை அறிந்து, இன்னும் எவ்வளவு விட்டுவைக்கலாம் என்று முடிவு செய்வான்.

கடையும்போது வெட்டும் டூலிலிருந்து கழன்று வரும் இரும்புச் சுருளின் நிறத்தையும் பார்க்கத் தெரிய வேண்டும். ஹெச்.எஸ்.எஸ். எனப்படும் அதிவேக எஃகு டூலில் கடைந்த காலத்தில் சுருள் வைக்கோல் நிறத்தில் வந்தால் சரி; நீலம் பாய்ந்து வந்தால் வேகம் கூடிவிட்டது, டூல் முனை போகப்போகிறது என்று அறிந்து வேகத்தைக் குறைப்போம். அதைவிடச் சூடு தாங்கும் கார்பைடு டூல் புழக்கத்துக்கு வந்த பிறகு அதே நீலச் சுருளைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை என்று ஆயிற்று. எனக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தவர் ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர். டிப்ளமோ முடித்து வந்த சூப்பர்வைசர்கள்கூட, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் வந்து, ‘அண்ணே, இதை எந்தப் பக்கம் பிடித்துக் கடையலாம்’ என்று கேட்பார்கள். அவர் உடனே பதில் சொல்ல மாட்டார்; டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அந்த டீ நேரத்தில் அவருக்கு இருந்த மதிப்பை எந்த விழா மேடையிலும் எவருக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் பழம்பெருமையாகப் பேசுவதாகத் தாங்கள் நினைத்துவிடக் கூடாது. ஜாப்பைப் பிடிக்கும் சக்கை முடுக்கும் சாவியைப் பொருத்தியபடியே விட்டுவிட்டு லேத்தை ஓட விட்டால் அது பறந்து வந்து ஆளை அடிக்கும் என்பதும், லேத் ஓடும்போது கையுறை போட்டால் சுருள் அதைப் பிடித்துக் கையையும் சேர்த்து உள்ளே இழுக்கும் என்பதும் எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் பாடங்கள். விரல் இழந்தவர்கள் எங்கள் பட்டறைகளில் இருந்தார்கள். ஆயுத பூசையன்று இயந்திரங்களைத் துடைத்து, பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் பங்கிட்டுக்கொண்ட அதே பட்டறைகளில்தான், மறுநாள் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு உற்பத்திக் கணக்கை எட்டச் சொல்வார்கள். உடன் வேலை செய்கிறவரின் வீட்டில் சாவு என்றால் ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் பட்டரவாக்கத்தில் ரயில் ஏறித் திருவள்ளூருக்கோ அரக்கோணத்துக்கோ போவோம்; திருமணம் என்றால் மொய் எழுதுவோம்; சீட்டுப் பணத்தை யாருக்கு அவசரமோ அவருக்கு முதலில் விட்டுக்கொடுப்போம். இந்த உறவு முதலாளி கொடுத்ததன்று, எந்தத் திட்டத்திலும் வருவதன்று. ஒரே நேரத்தில் ஒரே கூரையின் கீழ் நெடுங்காலம் வேலை செய்தவர்களுக்குள் அது தானாக உண்டாயிற்று. தொழிலாளி வாழ்க்கைக்கு என்ன பொருள் என்று கேட்பவர்களுக்கு, கைத்திறனும் இந்த உறவும் என்பதைத் தவிர என்னிடம் வேறு விடை இல்லை.

அப்படியானால் உங்கள் பிள்ளையை ஏன் பட்டறையில் சேர்க்கவில்லை என்று வாசகர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். என் மகள் வங்கியில் பணிபுரிகிறாள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. எண்ணெய்ச் சட்டையைப் பார்த்து வெட்கப்பட்டு நான் அவளை வேறு பக்கம் திருப்பவில்லை. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் உண்டு; ஒரு தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களுக்குள் 480 நாள்கள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரத் தொழிலாளியாக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் 480ஆம் நாள் நெருங்கும்போது தொழிலாளியைச் சில வாரம் வீட்டில் உட்கார வைத்துவிட்டு, வேறு ஒப்பந்ததாரரின் பெயரில் புதியவனாக மீண்டும் எடுத்துக்கொள்ளும் வித்தையைப் பேட்டையில் வேலை பார்த்த எவரும் அறிவர். நான் வேலை பார்த்த ஒரு பட்டறையிலும் அதுதான் நடந்தது. நேற்று வரை மூத்த தொழிலாளியாக இருந்து இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர், இடைவெளி முடிந்து திரும்பி வரும்போது கேட்டில் பயிற்சி பெறும் புதியவருக்கான அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே வருவார். அவருடைய கை மறந்துவிட்டதா? பேரிங் இருக்கையை அப்போதும் அவர்தான் கடைந்தார். பெரிய ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் அடுத்தடுத்து நின்று அதே வண்டிக்கு அதே போல்ட்டை முடுக்குகிறார்கள். சீருடையின் நிறமும் மாதச் சம்பளமும் மட்டும் வேறு. சில இடங்களில் கேன்டீன் மேசையும் வேறு. பிள்ளைகளை இந்தத் தொழில்களிலிருந்து விலக்கிவிடப் பெற்றோர்கள் துடிப்பதற்கு இவையே காரணம். வேலையை இழிவாக நினைத்து அவர்கள் விலக்குவதாகப் படித்தவர்கள் கருதுகிறார்கள். நான் அறிந்த கொத்தனார்களும் வெல்டர்களும் தங்கள் வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எளிதில் நிறுத்த மாட்டார்கள்.

தியாகராய நகரில் ஜவுளிக் கடைகளில் நிற்கும் பெண்களைப் பாருங்கள். மணமகள் வீட்டார் பத்துப் பேர் வந்து அமர்ந்தால், அவர்களில் பணம் கொடுக்கப்போவது யார், முடிவு எடுக்கப்போவது யார், வாய் திறக்காமல் மூலையில் இருக்கும் பாட்டியின் முகம் எந்த நிறத்துக்கு மலர்ந்தது என்பதை அந்தப் பெண் நான்கு புடவை பிரிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவார். ஐந்தாவதாகப் பிரிக்கும் புடவை பெரும்பாலும் எடுக்கப்படும். பிரித்த முப்பது புடவையையும் கரை வெளியே தெரிய, மடிப்புக் கலையாமல், வந்தவர்கள் பில் போடப் போவதற்குள் மடித்து அடுக்குகிறார். இது திறமையன்றி வேறென்ன? ஆனால் அவர் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே இருந்தார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது எழுதப்படாத விதி. கால் நரம்பு சுருண்டு, மாதவிலக்கு நாள்களில் சுவரில் சாய்ந்து நின்ற பெண்களின் வேதனை பல்லாண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. கேரளத்தில் 2018இல் இதற்குச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்து, பணியாளர் அனைவருக்கும் உட்காருவதற்கு வசதி செய்து தர வேண்டும் என்று சட்டமன்றம் விதித்தது. ஒரு முக்காலிக்குச் சட்டமன்றம் வரை போக வேண்டியிருந்ததே என்று அன்று எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. இன்று சில கடைகளில் இருக்கை இருக்கிறது. சில கடைகளில் இருக்கை இருக்கிறது, அதில் துணிப் பெட்டி இருக்கிறது.

முக்காலியைச் சிறிய விஷயம் என்று நினைப்பவர்கள் இதே ஊரின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று போற்றப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர்ப் பகுதியில், பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்டது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்னின்றார்கள், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணை நின்றார். தொழிலாளர்கள் வாடியாவிடம் கொண்டுபோன குறைகளில் முதன்மையானவை என்ன? மதிய உணவுக்கு விடும் இடைவேளை உண்டு முடிக்கப் போதவில்லை என்பதும், வெள்ளைக்கார மேலாளர்கள் கை நீட்டுகிறார்கள் என்பதும்தான். சோற்றை மென்று விழுங்கச் சில நிமிடமும், அடிபடாமல் வேலை செய்யும் உரிமையும் கேட்டுத்தான் இந்நாட்டில் சங்கம் பிறந்தது. அதே ஆலையில் 1921இல் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதி வழியே பிளவுபட்டார்கள். ஆதிதிராவிடர்கள் வாழ்ந்த புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடும் நடந்தது. தொழிலாளி என்ற ஒற்றுமை தானாகவே வந்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த ஆண்டை எளிதில் மறந்துவிடுகிறார்கள். சங்கத்துக்குள்ளேயே ஒருவரை ஒருவர் சமமாக நடத்தாதபோது முதலாளியிடம் மட்டும் மரியாதையை எப்படிக் கேட்பது? அந்த ஆலை 1996இல் மூடப்பட்டது. இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன.

1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னையில் இரண்டு இடங்களில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும், நாட்டின் முதல் மே நாள் கூட்டத்தை நடத்தினார். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழி செய்யும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, ஆளும் அணியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார். எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் 12 மணி நேரம் தாங்கள் உழைக்கப் போகிறவர்கள் அல்லர். ஆனாலும் எதிர்த்தார்கள் என்பதில் எனக்கு ஆறுதல் உண்டு. இருப்பினும் நம் அடுக்குமாடிகளின் வாசலில் இருக்கும் காவலாளிக்கு 12 மணி நேரப் பணி பல்லாண்டாக நடைமுறையில் இருப்பதை, அந்த விவாதம் நடந்த நாள்களில்கூட எவரும் பேசவில்லை. அவருக்கு மே நாளும் வேலை நாளே.

எல்லா வேலையும் உயர்ந்தது, எந்த வேலையிலும் இழிவில்லை என்ற பேச்சையும் நான் ஏற்கவில்லை. கழிவுநீர்க் குழிக்குள் மனிதர் இறங்குவதில் எந்தப் பெருமையும் கிடையாது. அந்த வேலை இல்லாமல் போக வேண்டும். அதற்கு 2013இல் மத்தியச் சட்டம் வந்தது. உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. அதன் பிறகும் குழியில் இறங்கி மூச்சு முட்டி இறந்தவர்களைப் பற்றிய செய்திகளைத் தங்கள் இதழிலேயே படித்தேன். அச்செய்திகளில் பெரும்பாலும் விஷவாயுவின் பெயர் இருக்கும், இறங்கச் சொன்னவரின் பெயர் இருக்காது.

குப்பை அள்ளும் பணி அதிலிருந்து வேறுபட்டது. அது நகரத்துக்கு இன்றியமையாதது. நியாயமான ஊதியமும் கருவிகளும் இருந்தால் கௌரவமாகச் செய்யக்கூடியது. கொரோனா காலத்தில் தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை போட்டோம், பால்கனியில் நின்று கை தட்டினோம். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியாரிடம் விடப்பட்டபோது, அந்தப் பணியாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலும் அமர்ந்திருந்தார்கள். நடைபாதையை விட்டு அகற்ற உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதைத் தொடர்ந்து, ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை வண்டிகளில் ஏற்றிச் சென்றது. அடுத்து அரசு அவர்களுக்குக் காலை உணவு உள்ளிட்ட சில நலத்திட்டங்களை அறிவித்தது. காலை உணவு நல்லதுதான். அவர்கள் கேட்டது பணிப் பாதுகாப்பையும், வாங்கிக்கொண்டிருந்த சம்பளம் குறையாமல் இருப்பதையும். பெரம்பூர்த் தொழிலாளர்களோடு நின்ற திரு.வி.க.வின் பெயர் தாங்கிய மண்டலத்திலேயே இது நடந்தது என்பதை அந்நாள்களில் ஒரு நாளிதழாவது நினைவூட்டியிருக்கலாம்.

அரசும் மாநகராட்சியும் எதையுமே செய்வதில்லை என்று சொல்ல மாட்டேன். உணவும் பொருளும் கொண்டுவரும் இளைஞர்களுக்காகச் சென்னை மாநகராட்சி 2025இல் அண்ணா நகர் போன்ற இடங்களில் குளிரூட்டிய ஓய்வறைகளைத் திறந்தது. கழிப்பறை, குடிநீர், கைப்பேசிக்கு மின்னூட்டும் வசதி, உட்கார இடம், அவ்வளவுதான் அதில் உண்டு. அதுவே அவர்களுக்குப் பெரிய நிம்மதி. நம் குடியிருப்புச் சங்கங்கள் இதற்கு நேர்மாறாக நடக்கின்றன. பதினைந்து மாடி ஏற வேண்டிய அந்தப் பையனும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவும் சரக்கு லிஃப்டில்தான் போக வேண்டும் என்று அறிவிப்புப் பலகை வைக்கிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டாக வீட்டுச் சாவியையே ஒப்படைத்திருக்கும் அம்மாவுக்குத் தனி டம்ளரில் காபி கொடுக்கும் வீடுகளும் சென்னையில் இன்னும் உண்டு. இதற்கு எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவைச் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை. கட்டட வேலையில் சித்தாளாகச் சேர்ந்த பெண் இருபது ஆண்டு கழித்தும் சித்தாளாகவே இருப்பதும் இப்படிப்பட்டதே. கலவையின் பதம் கொத்தனாருக்கு முன்பே அவருக்குத் தெரியும். கரணையையும் ரசமட்டத்தையும் மட்டும் எவரும் அவர் கையில் கொடுப்பதில்லை, கொத்தனார் கூலியும் அவருக்கு வருவதில்லை.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். தொழிலாளரைப் பற்றிய செய்தி இப்போது மூன்று சந்தர்ப்பங்களில்தான் வருகிறது: விபத்தில் இறந்தால், வேலைநிறுத்தத்தால் போக்குவரத்து பாதிக்கப்பட்டால், பிள்ளை தேர்ச்சி பெற்றால். பங்குச் சந்தைக்கு நாள்தோறும் அரைப்பக்கம் ஒதுக்கும் தாங்கள், சென்னையில் அதைவிடப் பல மடங்கு மக்கள் ஈடுபட்டிருக்கும் தொழில்களுக்கு வாரத்தில் ஒரு பத்தியாவது ஒதுக்கலாம். அதில் சோகக் கதையும் வேண்டாம், பாராட்டுரையும் வேண்டாம். சென்ட்ரிங் வேலைக்கு இன்றைய கூலி என்ன, இ.எஸ்.ஐ. அட்டை எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது, குறைந்தபட்ச ஊதியம் எந்தத் தொழிலுக்கு எப்போது திருத்தப்பட்டது, நலவாரியத்தில் பதிவு செய்வது எப்படி, அந்தத் தொழிலைத் தெரிந்தவர் அதில் எதைக் கடினம் என்கிறார் என்று எழுதினால் போதும். படிப்பவர்கள் இருப்பார்கள், டீக்கடையில் தங்கள் நாளிதழை முதலில் பிரிப்பவர்கள் யார் என்பதைத் தங்கள் விற்பனைப் பிரிவினரிடம் கேட்டாலே தெரியும்.

அதற்கு முன்னதாக, உடனே செய்யக்கூடியது ஒன்றுண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் உஸ்மான் சாலை, ரங்கநாதன் தெரு ஜவுளிக் கடைகளின் முழுப்பக்க விளம்பரங்கள் தங்கள் இதழில் தொடர்ந்து வரும். அதே வாரங்களில் தங்கள் செய்தியாளர் ஒருவரை வாடிக்கையாளர்போல அனுப்பி, ஒவ்வொரு தளத்திலும் விற்பனைப் பெண்களுக்கு இருக்கை போட்டிருக்கிறார்களா, கூட்டம் இல்லாதபோது அதில் உட்கார விடுகிறார்களா, அவர்களுக்கான கழிப்பறை எத்தனையாவது மாடியில் இருக்கிறது, போய்வர எவ்வளவு நேரம் தருகிறார்கள் என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். விளம்பரம் தருகிறவர்களைப் பற்றி எழுதுவதில் உள்ள சங்கடத்தை நானும் அறிவேன். கடையின் பெயரைப் போட இயலாது என்றால் தெருவின் பெயரையாவது போடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி ஒருவர்,
வில்லிவாக்கம், சென்னை.